கடலடியில் நாலரை இலட்சம் பேர்

யுத்தகாலக் கப்பல்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்திலிருந்து. மலையில் இருப்பவர்களுக்குக் கடல்மேல் இவ்வளவு கேள்வியா என்று மனம் நிறைந்துபோனது.

கே: நோட்டன் பிரிட்ஜில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். எங்களுக்கு எதற்கு ஜேர்மன் நீர்மூழ்கியும் கப்பலும்?
— கடைக்காரர் ஒருவர், நோட்டன் பிரிட்ஜ்

ப: கடையை விட்டு இறங்கிப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். ஓடுவது கெஹெல்கமு ஓயா. அது மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்புத் துறைமுகத்துக்குச் சற்று வடக்கே கடலில் விழுகிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்துக்குத்தான் உங்கள் ஊர்த் தேயிலையும் போனது. தண்ணீர் ஆற்றோடு போனது. தேயிலை ஹட்டனில் கோச்சி ஏறிப் போனது. கொழும்பில் கப்பலேறிய பிறகு அந்தப் பெட்டிக்கு என்ன ஆனது என்று லயத்தில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. இந்த மாதம் அதைத்தான் பேசப்போகிறோம்.

கே: ஜேர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்ததிலேயே ஆகப் பெரிய கப்பல் எது?
— சாதாரண தர மாணவன், ஹட்டன்

ப: இரண்டாம் உலக யுத்தத்தில், பயணிகள் கப்பல்களில் ஆகப் பெரியது 'எம்ப்ரஸ் ஒஃப் பிரிட்டன்', 42,348 தொன். 1940 ஒக்டோபர் 26இல் ஜேர்மன் விமானம் குண்டு போட்டு எரியவிட்டது. எரிந்த கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு போகையில், 28ஆம் திகதி யூ-32 டோர்பிடோ விட்டுத் தாழ்த்தியது. முதலாம் யுத்தத்தில் டோர்பிடோவுக்குப் பலியான பெரிய கப்பல் 'ஜஸ்டிசியா', 32,234 தொன், 1918 ஜூலை.

இந்த இரண்டையும்விடப் பெரியது ஒன்று உண்டு. டைட்டானிக்கின் தங்கை 'பிரிட்டானிக்', 48,158 தொன். மருத்துவக் கப்பலாக ஓடியது. 1916 நவம்பர் 21இல் கிரேக்கத் தீவான கெயாவுக்குப் பக்கத்தில், யூ-73 விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடியில் மோதியது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஏறியிருந்தும் இறந்தவர்கள் 30 பேர்தான். கரை பக்கத்தில் இருந்தது, படகுகள் போதுமான அளவு இருந்தன, கடல் உறையவைக்கும் குளிரில் இல்லை. டைட்டானிக் கற்றுக்கொடுத்த பாடம் தங்கைக்கு உதவியது.

கே: டைட்டானிக் ஆட்களைக் காப்பாற்றிய கப்பலுக்கு என்ன ஆனது?
— மாணவி, டிக்கோயா

ப: 'கார்ப்பேத்தியா'. அதையும் நீர்மூழ்கிதான் முடித்தது தங்கச்சி. 1918 ஜூலை 17, யூ-55. ஐந்து பேர் இறந்தார்கள்.

கே: 42,348 தொன் என்றால் அவ்வளவு எடையா? தராசில் வைத்தார்களா?
— லொறிச் சாரதி, வட்டவளை

ப: எடையே இல்லை. கப்பலுக்கு உள்ளே இருக்கும் இடத்தின் அளவு அது. நூறு கன அடி ஒரு தொன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியின் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். உங்கள் தொழிற்சாலை எத்தனை தொன் கப்பல் என்று தெரிந்துவிடும். ஏற்றிய சரக்கை மட்டும்தான் எடைத் தொன்னில் சொல்வார்கள். கீழே நான் சொல்லப்போகும் தேயிலை எடைத் தொன்.

கே: தேயிலை ஏற்றிப்போய் மூழ்கிய கப்பல் ஒன்றின் கதையை முழுதாகச் சொல்வீர்களா? பிள்ளைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.
— ஆசிரியை ஒருவர், மஸ்கெலியா

ப: சொல்கிறேன் டீச்சர். இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினேன்.

கப்பலின் பேர் 'கெய்ர்சொப்பா'. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நெவிகேஷன் கம்பனியுடையது. 5,237 தொன், பெரிய கப்பல் அல்ல. 1940ஆம் ஆண்டின் கடைசியில் கல்கத்தாவில் சரக்கேற்றியது. 2,600 தொன் வார்ப்பிரும்பு, 1,765 தொன் தேயிலை, இவற்றோடு வெள்ளிக் கட்டிகள். மேற்கு ஆபிரிக்காவின் ஃப்ரீடவுன் வரை வந்து, அங்கிருந்து காவல் கப்பல்களோடு கூட்டமாகப் புறப்பட்டது. அந்தக் கூட்டத்துக்கு எஸ்.எல். 64 என்று பேர்.

அட்லாண்டிக்கில் புயல். எதிர்க்காற்றில் பழைய நீராவிக் கப்பல் திணறியது, நிலக்கரி குறைந்துகொண்டே போனது. கூட்டத்தோடு ஓடினால் பிரித்தானியா போய்ச் சேர முடியாது என்று கணக்குப் போட்ட கப்டன், தனியே பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் திருப்பினார். பெப்ரவரி 16 பகலில் ஒரு ஜேர்மன் விமானம் வந்து தலைக்குமேல் வட்டமடித்துவிட்டுப் போனது. அன்றிரவே யூ-101 பிடித்துவிட்டது. டோர்பிடோ விழுந்ததும் முன் பாய்மரம் முறிந்தது, அதோடு வானொலிக் கம்பியும் அறுந்தது. உதவி கேட்டு ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. இருபது நிமிடத்துக்குள் கப்பல் போய்விட்டது.

ஒரு படகு மட்டும் பாய் விரித்து ஓடியது. அதில் 31 பேர்: எட்டு ஐரோப்பியர், 23 இந்தியர். இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் சுக்கான் பிடித்தார். மாசிக் குளிர், அட்லாண்டிக் அலை, பங்கு போட்டுக் கொடுத்த துளித் தண்ணீர். ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். பதின்மூன்றாம் நாள், மார்ச் 1, இங்கிலாந்தின் தென்கோடியில் லிஸார்ட் முனை தெரிந்தது. கரைக்குக் கிட்ட வந்த பிறகு அலை படகைப் புரட்டியது. குண்டுவீச்சுக்குப் பயந்து இலண்டனிலிருந்து அந்தக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டிருந்த சிறுமிகள் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தார்கள். உயிரோடு கரையேறியவர் அயர்ஸ் ஒருவர். கப்பலில் இருந்தவர்கள் எண்பதுக்கு மேல்.

இதை வகுப்பில் வாசிக்கும்போது அந்தச் சிறுமிகள் வரும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். உங்கள் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும்.

கே: 1,765 தொன் தேயிலை என்றால் எவ்வளவு? எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
— கொழுந்து பறிக்கும் அக்கா, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம்

ப: உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன் அக்கா. அந்தக் காலத்துப் பிரித்தானியத் தொன் 1,016 கிலோ. அப்படியானால் தேயிலைத் தூள் கிட்டத்தட்ட 18 இலட்சம் கிலோ. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து என்று வையுங்கள்; 80 இலட்சம் கிலோ கொழுந்து வரும். ஒரு நாளைக்கு 18 கிலோ பறித்தால் முழுப்பேர் என்று கணக்கப்பிள்ளை போடுவதாக வைத்துக்கொள்வோம், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்றாலும். வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய நாலரை இலட்சம் பேர்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க நின்ற வேலை, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழுவது. குறைந்தால் அரைப்பேர். நாலரை இலட்சம் முழுப்பேர், இருபது நிமிடத்தில் கடலுக்குள் போனது.

அந்தப் பக்கத்துக் கணக்கையும் கேளுங்கள். பிரித்தானியாவில் 1940 ஜூலையில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது: ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், ஐம்பத்தேழு கிராம் மட்டில். அப்படிப் பார்த்தால் கெய்ர்சொப்பாவில் இருந்தது மூன்று கோடிப் பேருக்கு ஒரு வாரத் தேயிலை. அந்தப் பங்கீடு 1952 ஒக்டோபர் வரை நீடித்தது. யுத்தம் முடிந்து ஏழு வருடம்!

கே: கல்கத்தாவில் ஏற்றிய தேயிலை நம் தேயிலை ஆகுமா? நீங்கள் வலிந்து சொந்தம் கொண்டாடுகிறீர்கள்.
— ஓய்வுபெற்ற கிளாக்கர், பொகவந்தலாவை

ப: கேட்டது நியாயம். கல்கத்தா துறைமுகம் அசாம், டார்ஜிலிங், டூவார்ஸ் பக்கத்துத் தேயிலைக்கு வாசல். நம் மலைத் தேயிலை கொழும்பு வழியாகத்தான் போகும். ஆனால் அசாமில் அதைப் பறித்தவர்கள் யார்? சோட்டா நாக்பூரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆள்கட்டிகள் கூட்டிவந்த ஏழைகள். நம்மை இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கங்காணி கூட்டிவந்த அதே கதை. மொழி வேறு, கூடை ஒன்று. நான் கொண்டாடும் சொந்தம் அது ஐயா. அதை விடமாட்டேன்.

கே: கெய்ர்சொப்பா என்றால் என்ன அர்த்தம்?
— மின்நிலைய ஊழியர், நோட்டன் பிரிட்ஜ்

ப: இந்தப் பேருக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். கர்நாடகத்தில் சராவதி ஆற்றங்கரையில் உள்ள ஊர் கெருசொப்பா. ஒருகாலத்தில் மிளகு வணிகத்தில் கொழித்த இடம். அங்கே ஆண்ட சென்னபைராதேவியைப் போர்த்துக்கீசர் 'மிளகு ராணி' என்றே அழைத்தார்கள். அதே ஆற்றில் விழும் ஜோக் நீர்வீழ்ச்சிக்கும் வெள்ளைக்காரர் வைத்திருந்த பேர் கெர்சொப்பா நீர்வீழ்ச்சிதான். 1940களின் கடைசியில் அங்கே மின்நிலையம் வந்தது. உங்கள் ஊர் அணைத் தண்ணீரில் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். தண்ணீரை விழவைத்து விளக்கேற்றும் இரண்டு ஊர்கள். அதில் ஒன்றின் பேரைத் தாங்கிய கப்பல், வெளிச்சமே இறங்காத ஆழத்தில் கிடக்கிறது.

கே: எவ்வளவு ஆழம்? வெள்ளியை எடுத்துவிட்டார்களாமே?
— நகைக்கடை ஊழியர், ஹட்டன்

ப: ஏறக்குறைய 4,700 மீற்றர். சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். ஒன்றின் உச்சியில் இன்னொன்றைத் தூக்கி வைத்தாலும், மேல் மலையின் உச்சிக்கு மேலே இருநூறு மீற்றர் தண்ணீர் நிற்கும்.

அந்த ஆழத்திலிருந்து ஒடிசி மரைன் என்ற அமெரிக்கக் கம்பனி 2012இலும் 2013இலும் இயந்திரக் கைகளை இறக்கி நூறு தொன்னுக்கு மேல் வெள்ளி எடுத்தது. ஒப்பந்தப்படி கம்பனிக்கு எண்பது வீதம், பிரித்தானிய அரசுக்கு மிச்சம். அந்த வெள்ளியில் பிரித்தானிய நாணயசாலை காசு அடித்து, விளிம்பில் கப்பலின் பேரையும் பொறித்தது.

எனக்கு வெள்ளியைவிடப் பெரிதாகப் பட்டது கடிதங்கள். அதே சிதைவுக்குள்ளிருந்து எழுநூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் கிடைத்தன. எழுபது வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்தும் எழுத்து வாசிக்க முடிந்தது. வெளிச்சமும் ஒட்சிசனும் போகாதபடி இறுகி அமுங்கிக் கிடந்ததுதான் காரணம். இந்தியாவில் இருந்த சிப்பாய்களும் வியாபாரிகளும் வீட்டுக்கு எழுதியவை. 2018இல் இலண்டன் தபால் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. நம் வீட்டுப் பெட்டியில் தமிழ்நாட்டுச் சொந்தம் எழுதிய பழைய கடிதம் ஒன்று இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள், இந்தச் செய்தி எப்படி நெஞ்சில் தைக்கிறது என்று தெரியும்.

கே: படகில் 23 இந்தியர் என்றீர்கள். கப்பலில் இந்தியர்களுக்கு என்ன வேலை?
— இளைஞர், நோர்வூட்

ப: முக்கால்வாசி வேலை அவர்களுடையதுதான். லஸ்கர் என்று பேர். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது, தளம் கழுவுவது, கயிறு இழுப்பது, சமைப்பது. அன்றைய பிரித்தானிய வணிகக் கப்பல்களில் நாலு மாலுமிக்கு ஒருவர் லஸ்கர். கல்கத்தாவில் ஆள் எடுத்த கப்பல்களில் பெரும்பாலும் சில்ஹெட், சிட்டகாங், நோவாகாளிப் பக்கத்தவர்கள். பம்பாயில் எடுத்தால் கோவா, கொங்கணம், பஞ்சாப். ஒரே கப்பலில் ஒரே கடலில் வெள்ளை மாலுமிக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒன்றோ அதற்கும் குறைவோ சம்பளம். டோர்பிடோ பெரும்பாலும் தாக்குவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இயந்திர அறைப் பக்கம். கரி அள்ளுகிறவன் நிற்கும் இடமும் அதுதான்.

அவர்கள் வாய்மூடி இருக்கவுமில்லை. 1939இல் யுத்தம் தொடங்கியதும், ஆபத்து கூடியிருக்கிறது, சம்பளத்தைக் கூட்டு என்று பிரித்தானியா, தென்னாபிரிக்கா, ஆஸ்திரேலியா எனத் துறைமுகம் துறைமுகமாகக் கப்பலேற மறுத்தார்கள். நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். சம்பளமும் கூடியது.

மாதக் கணக்கைக் கவனியுங்கள் தம்பி. அந்த அலை ஓய்வதற்குள், 1940 ஜனவரியில், நம் மலையில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுப் போராட்டம். பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் விழுந்தார். லஸ்கர்களுக்கு முல்லோயா தெரியாது, முல்லோயாவுக்கு லஸ்கர் தெரியாது. யுத்தச் செலவில் அரிசி விலை ஏறியது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும். நம் பள்ளிக்கூடங்களில் இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கே: தாத்தா கெட்டிக்காரப் பொல்லாதவனை 'எம்டன்' என்பார். அதுவும் நீர்மூழ்கிதானே?
— மாணவி, தலவாக்கலை

ப: இல்லை, எம்டன் மேலே மிதந்த போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்டது; பிறகு நம் கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது; நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி'யிடம் அடிபட்டு ஒதுங்கியது. தாத்தாவின் சொல் சரி, அதை விட்டுவிடாதே.

கே: கொழும்புக் கடலில் ஜேர்மன்காரர் மூழ்கடித்த கப்பல் உண்டா?
— மீன் வியாபாரி, கினிகத்தேனை

ப: உண்டு. 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்', இரண்டும் 1917 பெப்ரவரியில், நாலு நாள் இடைவெளியில். மூழ்கடித்தது நீர்மூழ்கி அல்ல. 'வோல்ஃப்' என்ற ஜேர்மன் மாறுவேடக் கப்பல் சரக்குக் கப்பலைப் போல வந்து கண்ணிவெடி போட்டுவிட்டுப் போனது.

கே: ஹெர்மிஸ்?
— முச்சக்கரவண்டிச் சாரதி, ஹட்டன்

ப: அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தவை ஜப்பான் விமானங்கள், 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு அப்பால்.

கே: அப்படியானால் இரண்டாம் யுத்தத்தில் ஜேர்மன் நீர்மூழ்கி நம் பக்கம் வரவே இல்லையா?
— அதே மாணவன், ஹட்டன்

ப: வந்தது, அதுவும் நம்மவர்கள் நிறைந்த ஊரிலிருந்து. ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பினாங்கைத் தளமாக வைத்து 'மொன்சூன்' என்ற பேரில் ஜேர்மன் நீர்மூழ்கிக் கூட்டம் இந்து சமுத்திரத்தில் அலைந்தது. 1944 மார்ச்சில் அதில் ஒன்று, யூ-183, மாலைதீவின் அட்டுத் தீவுக்கு வந்தது. பிரித்தானியர் அங்கே இரகசியத் துறைமுகம் வைத்து, டோர்பிடோ நுழையாதபடி வலை கட்டியிருந்தார்கள். வலையில் இருந்த இடைவெளி வழியாக டோர்பிடோவை விட்டு, உள்ளே நின்ற 'பிரிட்டிஷ் லோயல்டி' என்ற எண்ணெய்க் கப்பலைத் தாழ்த்தியது.

அதற்கு முந்திய மாதம் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடீவ் இஸ்மாயில்' மாலைதீவுப் பக்கம் மூழ்கி 1,297 பேர் இறந்தார்கள். அவர்களில் 77 பேர் பெண்கள், பலர் தாதியர். ஆனால் அடித்தது ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27. நம் கடலில் நடந்த மிகப் பெரிய துயரங்களில் ஒன்று இது. நம் வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் இதற்கு நாலு வரியாவது வேண்டும்.

கே: யுத்தகாலத்தில்தான் தோட்டத்தில் ரொட்டி பழகினோம் என்று அப்பாயி சொல்வார். அதற்கும் கப்பலுக்கும் சம்பந்தம் உண்டா?
— இளம் தாய், நோட்டன் பிரிட்ஜ்

ப: நேரான சம்பந்தம் உண்டு. நம் அரிசி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. அரிசிக்குக் கூப்பன் வந்தது, குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. மா கடல் தாண்டித்தான் வர வேண்டும். 1944 மார்ச்சில் சிட்னியிலிருந்து கொழும்புக்கு மா ஏற்றிவந்த 'துலாகி' என்ற கப்பலை யூ-532 மூழ்கடித்தது. 2,281 தொன் கப்பல், 54 பேர். ஏழு பேர் மட்டும் மிதவையில் ஏறக்குறைய இரண்டு மாதம் மிதந்து சீசெல்ஸ் பக்கத்துத் தீவில் ஒதுங்கினார்கள்.

பெரிய கப்பல்களின் பட்டியலில் துலாகிக்கு இடம் கிடைக்காது. ஆனால் அப்பாயி காலத்து அடுப்பில் சுட்ட ரொட்டிக்கு எத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று அந்தச் சின்னக் கப்பல் சொல்லும். எனக்கு 'எம்ப்ரஸ் ஒஃப் பிரிட்டன்'னைவிட இதுதான் பெரிய கப்பல். அப்பாயிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கே: நீர்மூழ்கிக்காரர்கள் எல்லாரும் ஈவிரக்கம் இல்லாதவர்களா?
— தேவாலய ஊழியர், கொட்டகலை

ப: மனிதர்கள்தான். 1942 செப்டம்பர் 12இல் யூ-156 'லகோனியா'வை மூழ்கடித்தது. தண்ணீரில் தத்தளித்தவர்கள் கத்துவது இத்தாலிய மொழி என்று கேட்டது. கப்பலில் இருந்தவர்கள் 2,700 பேர் அளவில். அதில் 1,800 பேர் இத்தாலியப் போர்க்கைதிகள். தளபதி ஹார்ட்டன்ஸ்டைன் மேலே வந்து, எதிரி, நண்பன் பாராமல் ஆட்களைத் தூக்கிவிட்டார். செஞ்சிலுவைக் கொடி விரித்தார். உதவிக்கு வாருங்கள், உங்களைத் தாக்கமாட்டேன் என்று எல்லாருக்கும் புரிகிற ஆங்கிலத்தில் வானொலியில் சொன்னார். அமெரிக்க விமானம் வந்து குண்டு போட்டது. காப்பாற்றியவர்களைத் திரும்பப் படகுக்கு அனுப்பிவிட்டு அவர் மூழ்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஜேர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ், யாரையும் காப்பாற்றாதே என்றே கட்டளை போட்டார்.

அந்தக் கட்டளை வந்து இரண்டு மாதத்துக்குள், பம்பாயிலிருந்து வெள்ளி ரூபாய் ஏற்றிவந்த 'சிட்டி ஒஃப் கெய்ரோ'வை மூழ்கடித்த மெர்ட்டன் என்பவர், படகுகளுக்குக் கிட்ட வந்து கரை எந்தத் திசை என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு, இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் அந்தப் படகுகளில் பலர் செத்தார்கள். அவர் கேட்ட மன்னிப்பு மெய்யானது என்று நம்புகிறேன். அவர் விட்ட டோர்பிடோவும் மெய்யானதுதான்.

கே: பிள்ளைகள் போன கப்பலையும் அடித்தார்களாமே?
— முன்பள்ளி ஆசிரியை, நோட்டன் பிரிட்ஜ்

ப: 'சிட்டி ஒஃப் பெனாரஸ்'. காசியின் பேர். குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற 90 பிள்ளைகளை அரசாங்கமே கனடாவுக்கு அனுப்பியது. 1940 செப்டம்பர் 17 இரவு யூ-48 அடித்தது. 77 பிள்ளைகள் போய்விட்டார்கள். லஸ்கர்களும் நூறு பேர் அளவில் போனார்கள். ஒரு படகு மட்டும் எட்டு நாள் தனியே அலைந்தது: ஆறு பையன்கள், மேரி கோர்னிஷ் என்ற சங்கீத ஆசிரியை, முப்பதுக்கு மேற்பட்ட லஸ்கர்கள், இன்னும் சிலர். விறைத்துப்போன சின்னக் கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவர் இராப்பகலாகக் கதை சொன்னார். ஆறு பையன்களும் பிழைத்தார்கள். அந்தத் துயரத்தோடு பிள்ளைகளைக் கடல் கடத்தும் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் தொழில் எவ்வளவு பெரியது என்று யாராவது கேட்டால் இந்தப் படகைச் சொல்லுங்கள்.

கே: காசின் விளிம்பில் கப்பலின் பேர் இருக்கிறது. அந்த 23 பேரின் பேர் எங்காவது இருக்கிறதா?
— கொழுந்து பறிக்கும் அதே அக்கா

ப: இந்தக் கேள்விக்காகவே உங்கள் இரண்டாவது கடிதத்தைக் கடைசியில் வைத்தேன் அக்கா.

கடலோடு போய்ச் சமாதி இல்லாத பிரித்தானிய மாலுமிகளின் பேர் இலண்டனில் டவர் ஹில் நினைவிடத்தில் வெண்கலத் தகட்டில் இருக்கிறது. நாட்டின் தலைநகரில், நடந்துபோகிற எவரும் பார்க்கலாம். லஸ்கர்களின் பேர் அந்தத் தகட்டுக்குப் போகவில்லை, புத்தகத்துக்குப் போனது. ஒரே மாதிரி இரண்டு புத்தகம். ஒன்று மும்பையில் மாலுமிகள் இல்லத்தில், மற்றது வங்காளதேசத்தில் சிட்டகாங் யுத்த மயானத்தில். இந்திய வணிகக் கப்பல்களிலும் கடற்படையிலும் போனவர்கள், ஆயிரக்கணக்கில்.

ஆகவே பேர் விழுந்திருக்கிறது அக்கா, செக்ரோல் மாதிரி ஒரு புத்தகத்தில். சிட்டகாங் போகிற ஒருவரைப் பிடித்திருக்கிறேன். கெய்ர்சொப்பா ஆட்களின் பேரைத் தேடி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். வந்ததும் இந்தப் பக்கத்தில் ஒன்றுவிடாமல் போடுவேன்; அந்த மாதம் கேள்வி ஏதும் அனுப்ப வேண்டாம், இடம் இருக்காது.